அமெரிக்காவில் காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நீக்கினால்: கையெழுத்தா, புகாரா, வழக்கா?

அமெரிக்காவில் தனியார் நிறுவன வேலைகள் பெரும்பாலும் ‘அட்-வில்’ அடிப்படையில் அமைந்தவை. நிறுவனம் எந்த நாளிலும், முன்னறிவிப்பு இல்லாமல், காரணமும் சொல்லாமல் ஊழியரை நிறுத்திவிடலாம். ஊழியரும் அதே போல விலகிவிடலாம். ஐம்பது மாநிலங்களில் மொன்டானா மட்டுமே 1987-இல் தனிச் சட்டம் இயற்றி, சோதனைக் காலத்தைக் கடந்த ஊழியரை நீக்குவதற்கு நியாயமான காரணம் வேண்டும் என்று விதித்தது. குற்றச்சாட்டு மெமோ, விளக்கக் கடிதம், உள்விசாரணை என்ற வரிசையைத் தமிழ்நாட்டில் பார்த்துப் பழகியவர்களுக்கு, பல ஆண்டு உழைப்பு ஒரு சிறு வீடியோ அழைப்பில் முடிந்து, அழைப்பு ஓயும் முன்பே மின்னஞ்சல் கணக்கு முடக்கப்படுவது தாங்க முடியாத அவமானமாக இருக்கிறது. அந்த அவமானம் உண்மையானது. ஆனால் அடுத்த சில வாரங்களில் எடுக்க வேண்டிய முடிவுகளை அந்த மனநிலையில் எடுத்தால் உரிமைகள் கைநழுவிப் போகும் என்பதால்தான், கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெளிவாக வேண்டியது ஒன்று உண்டு. மேலாளர் பாரபட்சமானவர், மதிப்பீடு தவறானது, திறமை குறைந்தவரை வைத்துக்கொண்டு நம்மை அனுப்பிவிட்டார்கள் என்பவை எல்லாம் நிரூபணமானாலும், அவை மட்டுமே நீதிமன்றத்தில் போதாது. சட்டம் தடை செய்த காரணங்களில் ஏதாவது ஒன்று அந்த நீக்கத்துக்குப் பின்னால் இருந்ததா என்பதே கேள்வி. இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றை 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் காக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களை 1967-ஆம் ஆண்டுச் சட்டமும், உடல் மன இயலாமை உள்ளவர்களை 1990-ஆம் ஆண்டுச் சட்டமும், குடும்ப, மருத்துவ விடுப்பு எடுத்தவர்களை 1993-ஆம் ஆண்டின் எஃப்.எம்.எல்.ஏ. சட்டமும் காக்கின்றன. பாகுபாட்டைப் பற்றிப் புகார் செய்ததற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதமே. மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு வரும் புகார்களில் பல ஆண்டுகளாக முதலிடம் வகிப்பது இந்தப் பழிவாங்கல்தான். இவற்றோடு, சட்டத்தை மீற மறுத்த ஊழியரை நீக்கக்கூடாது என்ற கொள்கையை மாநில நீதிமன்றங்கள் வளர்த்தன. சட்டமன்றக் குழுவின் முன் பொய்ச்சாட்சி சொல்ல மறுத்த ஒரு தொழிற்சங்க ஊழியரின் வழக்கில், 1959-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தொடங்கி வைத்தது.

சட்டங்களைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் யாருக்கும் பயன் இருக்காது. எனவே ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சான் ஹோசேயில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் 46 வயதுப் பொறியாளர். எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டு வரிசையில் அவருக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. மதுரையில் அவருடைய அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது ஆறு வாரம் சட்டப்படி விடுப்பு எடுத்தார். திரும்பி வந்த மூன்றாவது வாரம் அவரை ‘பி.ஐ.பி.’யில், அதாவது செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் போட்டார்கள்; இரண்டே மாதத்தில் வேலை போனது. பத்து வாரச் சம்பளம் தருகிறோம், இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. இவருக்கு முன்னால் இருக்கும் வழிகள் என்ன?

பலரும் முதலில் நாடுவது எச்.ஆர். துறையைத்தான். உள்ளுக்குள்ளேயே மேல்முறையீடு செய்வோம், பெரியவர்கள் கவனத்துக்குக் கொண்டுபோவோம், பகையில்லாமல் முடித்துக்கொள்வோம் என்ற எண்ணம் நம் இயல்பிலேயே ஊறியது. நான் பார்த்த அளவில், வேலை போன பிறகு எடுக்கும் வழிகளில் மிகவும் பலவீனமானது இதுதான். வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கொடுத்த புகாருக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதன் பிறகு நீக்கினால் பழிவாங்கல் என்ற வாதம் பிறக்கிறது. வேலை போன பின் செய்யும் உள் மேல்முறையீடோ, அரசு ஆணையத்தில் புகார் கொடுக்கச் சட்டம் வைத்த கெடுவை ஒரு நாள் கூட நிறுத்தி வைப்பதில்லை. லைபீரியாவில் பிறந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் டெலவேர் மாநிலக் கல்லூரிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களை உறுதிப்படுத்தியது: கெடு தொடங்குவது கடைசி வேலை நாளில் அல்ல, நீக்கும் முடிவு தெரிவிக்கப்பட்ட நாளில், உள் மேல்முறையீடு நிலுவையில் இருப்பது அந்தக் கெடுவைத் தள்ளிப் போடாது. மேலிடம் நல்ல முடிவு எடுக்கும் என்று மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, கெடு தாண்டிய பின் வழக்கறிஞரைத் தேடுபவரின் நிலை இதனால்தான் பரிதாபமானது.

இரண்டாவது வழி, வேலையிலிருந்து அனுப்பும்போது நிறுவனம் தர முன்வரும் செவரன்ஸ் தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்திடுவது. இதை அவமானமாகவோ கோழைத்தனமாகவோ கருதத் தேவையில்லை. பல குடும்பங்களுக்கு இதுவே சரியான முடிவாக இருக்கும். ஆனால் எதை விற்கிறோம் என்பதை அறிந்து விற்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி ‘ரிலீஸ்’ என்ற பகுதி: அன்றுவரை நிறுவனத்தின் மீது உள்ள, தெரிந்த தெரியாத எல்லா உரிமைக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன் என்று அதில் இருக்கும். ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கலிஃபோர்னியாவில் நீக்கும் நாளிலேயே முழுச் சம்பளத்தையும் சேர்ந்திருக்கும் விடுமுறைப் பணத்தையும் கொடுத்தாக வேண்டும். வேண்டுமென்றே தாமதித்தால் 30 நாள் வரையிலான சம்பளம் அபராதமாகச் சேரும். கையெழுத்திட்டால்தான் பாக்கிச் சம்பளம் என்று நிபந்தனை போடவும் கூடாது. ஆகவே அந்தப் பத்து வாரத் தொகை என்பது உரிமைகளைக் கைவிடுவதற்கான விலை மட்டுமே.

அவகாச விதிகளும் ஊழியரின் பக்கம் இருக்கின்றன. நாற்பது வயதைக் கடந்தவர் வயது தொடர்பான உரிமையைக் கைவிடுவது செல்லுபடியாக வேண்டுமானால், யோசிக்க 21 நாள் கொடுக்க வேண்டும்; கூட்டமாக ஆட்களைக் குறைக்கும்போது 45 நாள்; கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் பின்வாங்கலாம். கலிஃபோர்னியாவில் வயது எதுவானாலும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள ஐந்து வேலை நாளாவது தர வேண்டும். எனவே, இன்று மாலைக்குள் அனுப்புங்கள் என்று யாராவது அழுத்தினால் அதற்குப் பணிய வேண்டியதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: கையெழுத்திட்டவர் கூட அரசு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், அந்த உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது, ஆனால் அந்தப் புகாரிலிருந்து தனக்குப் பணம் பெறும் உரிமையை அவர் விட்டுக்கொடுத்திருப்பார்.

மூன்றாவது வழி அந்தப் புகார்தான். மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையமான இ.இ.ஓ.சி.யிடம் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மாநிலத்திலும் அதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அமைப்பும் இருந்தால் பொதுவாக 300 நாள். புகாருக்குப் பின் ஆணையம் இலவசமாக சமரசப் பேச்சுக்கு ஏற்பாடு செய்யும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சில மாதங்களில் முடிந்துவிடவும் கூடும். விசாரணை என்று போனால் மெதுவாகத்தான் நகரும். ஆணையமே வழக்குத் தொடுப்பது மிகவும் அபூர்வம். பெரும்பாலும் வழக்குத் தொடரும் உரிமைக் கடிதம் ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், அந்தக் கடிதம் கிடைத்த 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். 1964 சட்டத்தின் கீழும் இயலாமைச் சட்டத்தின் கீழும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டுக்கும் நிறுவனத்தைத் தண்டிக்க விதிக்கும் இழப்பீட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு உண்டு. நூறு பேருக்கு மேல் இல்லாத நிறுவனத்தில் 50,000 டாலர். ஐந்நூறு பேருக்கு மேல் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் 300,000 டாலர். 1991-இல் வைத்த இந்த வரம்பு இன்றுவரை உயரவில்லை. இழந்த சம்பளம் இந்த வரம்புக்குள் வராது.

கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு இதைவிட நல்ல கதவு ஒன்று திறந்திருக்கிறது. மாநிலக் குடிமை உரிமைகள் துறையிடம் புகார் கொடுக்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து ஊழியர்கள் உள்ள நிறுவனமே போதும், மத்திய சட்டம் கேட்கும் பதினைந்து பேர் தேவையில்லை. இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. விசாரணைக்குக் காத்திருக்காமல் வழக்குரிமைக் கடிதத்தை உடனே கேட்டு வாங்கி ஓராண்டுக்குள் நீதிமன்றம் போகலாம். நம் எடுத்துக்காட்டுப் பொறியாளருக்கு இது மிகவும் பொருந்தும், ஏனெனில் மாநிலத்தின் குடும்ப விடுப்புச் சட்டமும் இதே துறையின் கீழ்தான் வருகிறது. மத்திய எஃப்.எம்.எல்.ஏ. அம்மா, அப்பாவைச் சேர்த்தாலும் மாமனார், மாமியாரைச் சேர்க்கவில்லை. கலிஃபோர்னியாச் சட்டம் 2022 முதல் அவர்களையும் சேர்த்திருக்கிறது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய் வந்த மருமகளோ மருமகனோ வேலை இழந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம் என்பதே முடிவை மாற்றிவிடும்.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த வலியை நம்மவர்களே நம்மவர்களுக்குக் கொடுக்கிறார்கள். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்தது. கலிஃபோர்னியாவில் அதே ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, இருக்கும் சட்டங்களே இதைத் தடுக்கின்றன என்ற காரணத்தைச் சொல்லி ஆளுநர் திருப்பி அனுப்பினார். ஆகவே அங்கே சாதியின் பெயரால் வேலை இழந்தவர் வம்சாவளி, மதம், இனம் என்ற தலைப்புகளின் கீழ் தன் வழக்கை அமைக்க வேண்டியிருக்கிறது. முடியாதது அல்ல, ஆனால் கடினமானது. இதில் அனுபவம் உள்ள வழக்கறிஞர் இல்லாமல் இறங்கக்கூடாது.

நான்காவது வழி நேரடி வழக்கு. இரண்டு வகைகளுக்கு ஆணையத்தின் அனுமதிக் கடிதமே வேண்டாம். எஃப்.எம்.எல்.ஏ. வழக்கை இரண்டு ஆண்டுக்குள், வேண்டுமென்றே மீறியிருந்தால் மூன்று ஆண்டுக்குள், நேராக நீதிமன்றத்தில் தொடுக்கலாம். இழந்த சம்பளமும் அதே அளவு கூடுதல் தொகையும் கேட்கலாம், மன உளைச்சலுக்குக் கேட்க முடியாது. அடிமை முறை ஒழிந்த கையோடு 1866-இல் இயற்றப்பட்டு இன்று 1981-ஆம் பிரிவு என்று வழங்கும் சட்டம் இனப் பாகுபாட்டுக்கு இன்றும் கைகொடுக்கிறது: நான்கு ஆண்டு அவகாசம், ஊழியர் எண்ணிக்கை வரம்பு இல்லை, இழப்பீட்டு உச்சவரம்பும் இல்லை. வம்சாவளியையும் இனவழியையும் இது உள்ளடக்கும் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2020-இல் அதே நீதிமன்றம், இனம் என்ற காரணம் இல்லாவிட்டால் இந்த இழப்பு நேர்ந்திருக்காது என்பதை வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டும் என்று சுமையைக் கூட்டிவிட்டது.

நிரூபிப்பது எப்படி? நிறுவனம் எப்போதும் ஒரு காரணத்தோடு வரும்: செயல்திறன் குறைவு, மறுசீரமைப்பு, பதவி நீக்கப்பட்டது. அந்தக் காரணம் வெறும் சாக்கு என்று காட்டுவதே ஊழியரின் வேலை. நம் பொறியாளரின் வழக்கைக் கிட்ட நின்று பார்த்தால் இது புரியும். ஒன்பது ஆண்டு நல்ல மதிப்பீடுகள் ஒரு பக்கம். விடுப்புக்கு விண்ணப்பித்த தேதி, மதுரை மருத்துவர் கொடுத்த சான்றிதழ், திரும்பிய தேதி, மூன்றாவது வாரத்தில் பி.ஐ.பி., அதில் குறைகளாகக் காட்டியவை விடுப்புக் காலத்தில் தள்ளிப்போன வேலைகளே என்ற உண்மை இன்னொரு பக்கம். நீங்கள் இல்லாததால் அணி மிகவும் சிரமப்பட்டது என்று மேலாளர் எழுதிய ஒரு வரி இருந்தால் அது பொன். தேதிகளை இப்படி ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போகிறவரின் பேச்சை வழக்கறிஞர் முதல் அரைமணி நேரத்திலேயே கவனிக்கத் தொடங்குவார். தேதி இல்லாத கோபத்தை மட்டும் கொண்டுபோகிறவருக்கு அந்தக் கவனம் கிடைப்பது அரிது.

ஆதாரம் திரட்டுவதில் ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களையோ நிரல்களையோ தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளக்கூடாது. அப்படிச் செய்தது பின்னர் தெரிய வந்தால், அதற்காகவே நீக்கியிருப்போம் என்று நிறுவனம் வாதிட்டு இழப்பீட்டைப் பெரிதும் குறைத்துவிட முடியும். 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இதற்கு வழி செய்திருக்கிறது. தனக்கு வந்த மதிப்பீட்டுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், தன் நினைவிலிருந்து எழுதிய குறிப்புகள் ஆகியவை போதும். கலிஃபோர்னியாவில் தன் பணிக்கோப்பை எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் நிறுவனம் கொடுத்தாக வேண்டும்.

நீதிமன்றம் என்று நினைத்துப் போனவர் பலர் கடைசியில் ஆர்பிட்ரேஷனில் போய் நிற்கிறார்கள். வேலையில் சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட காகிதக் கட்டில், எல்லாத் தகராறுகளும் தனியார் நடுவரிடமே செல்லும் என்ற விதி இருக்கும். 2018-இல் உச்ச நீதிமன்றம், கூட்டாக வழக்காடும் உரிமையைக்கூட இப்படி விட்டுக்கொடுக்க வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நடுவர் முறை நீதிமன்றத்தைவிட வேகமானது. ஆனால் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரி கிடையாது, மேல்முறையீட்டுக்கு ஏறக்குறைய இடமே இல்லை, நடப்பவை வெளியே தெரியாது. பாலியல் வன்முறை, பாலியல் தொல்லை வழக்குகளுக்கு மட்டும் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கட்டாயத்திலிருந்து விடுதலை கொடுத்திருக்கிறது. நிறுவனத்தோடு பேரம் பேசும் முன் இந்த விதி தன் ஒப்பந்தத்தில் உள்ளதா என்று பார்ப்பது முக்கியம், ஏனெனில் ஜூரியின் முன் நிற்க நேரிடும் என்ற அச்சம்தான் நிறுவனத்தின் தொகையை உயர்த்துகிறது.

வேறு சில கதவுகளும் உண்டு. சக ஊழியர்களோடு சம்பளத்தைப் பற்றிப் பேசியதற்காகவோ கூட்டாகக் கோரிக்கை வைத்ததற்காகவோ நீக்கப்பட்டவர், மேற்பார்வையாளராக இல்லாதவரை, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் ஆறு மாதத்துக்குள் போகலாம். பணியிடப் பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காக நீக்கப்பட்டவருக்கு மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பில் புகார் கொடுக்க 30 நாள் மட்டுமே. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் நிதி மோசடியைச் சொன்னவருக்கு 180 நாள்.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கெடு ஓடுகிறது: அதிகபட்சம் 60 நாள், அதற்குள் ஐ-94 என்ற தங்கும் அனுமதிப் பதிவின் காலம் முடிந்தால் அதுவரை மட்டுமே. அதற்குள் புதிய நிறுவனம் மனுச் செய்ய வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது புறப்பட வேண்டும். வழக்குத் தொடுப்பதால் நாட்டில் தங்கும் உரிமை கிடைப்பதில்லை. இந்த 60 நாள் பொதுவாகச் சம்பளம் வழங்கப்பட்ட கடைசி நாளை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதால், ஒரே தவணையில் பெரிய தொகை கேட்பதைவிடச் சில வாரம் சம்பளப் பட்டியலில் தொடர்ந்து வைத்திருக்கும்படி கேட்பது இவருக்குக் கூடுதல் மதிப்புள்ளதாக இருக்கலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே இதைச் செய்ய வேண்டும். விசாக் காலம் முடியும் முன் நீக்கும் நிறுவனம், ஊருக்குத் திரும்பும் நியாயமான பயணச் செலவை ஏற்க வேண்டும். ஒப்புதல் கிடைத்து 180 நாள் கடந்த ஐ-140-ஐ நிறுவனம் திரும்பப் பெற்றாலும், பிழையோ மோசடியோ காரணமாக ரத்தாகாதவரை, வரிசையில் பிடித்த இடம் போகாது. வேலையில்லா உதவித்தொகை விஷயத்தில், கிரீன் கார்டு உள்ளவர் உடனே விண்ணப்பிக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு 450 டாலர் வரை கிடைக்கும். எச்-1பி உள்ளவருக்கோ, வேறு நிறுவனத்தில் உடனே சேரத் தகுதி உள்ளவரா என்ற கேள்வி குறுக்கே நிற்கும்.

நம் பொறியாளருக்கு என்ன சொல்வேன்? கையெழுத்திடாமல் 21 நாளையும் பயன்படுத்த வேண்டும். முதல் வாரத்திலேயே ஊழியர் தரப்பு வழக்கறிஞர் ஒருவரையும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் பார்க்க வேண்டும். வேலைதேடலை அதே நாளில் தொடங்க வேண்டும். வேறு வேலை தேடாமல் இருந்தவரின் இழந்த சம்பளக் கணக்கை நீதிமன்றமும் குறைத்துவிடும். விடுப்பு பற்றிய தேதி வரிசையை முன்வைத்து வழக்கறிஞர் எழுதும் ஒரு கடிதம், பத்து வாரத்தை இருபதாகவோ முப்பதாகவோ ஆக்கவும், சம்பளப் பட்டியலில் இருக்கும் நாளை நீட்டவும் நல்ல வாய்ப்பு உண்டு. நிறுவனம் இறங்கி வராவிட்டால் மாநிலத் துறையில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, வழக்கைப் பிறகு முடிவு செய்யலாம், அவகாசம் இருக்கிறது. மாறாக, இப்படிப்பட்ட தேதி வரிசையோ தடை செய்யப்பட்ட காரணமோ இல்லாமல், மேலாளரின் வெறுப்பு மட்டுமே காரணம் என்று தோன்றினால், தொகையைச் சற்று உயர்த்திக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவதையே நான் பரிந்துரைப்பேன். ஆண்டுக்கணக்கான வழக்கு அவருடைய தூக்கத்தையும் குடும்பத்தையும் தின்றுவிடும்.

செலவைப் பொறுத்தவரை, ஊழியர் தரப்பு வழக்கறிஞர்கள் பலர் முன்பணம் வாங்காமல், கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் நாற்பது சதவீதம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனமே செலுத்தும்படி இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை வழி செய்கின்றன. கிடைக்கும் தொகைக்கு வரி உண்டு. இழந்த சம்பளப் பகுதி சம்பளம் போலவே பிடித்தம் செய்யப்படும், உடல் காயம் இல்லாத மன உளைச்சலுக்கான பகுதியும் வருமானமாகவே கணக்கிடப்படும். எந்தப் பகுதி எதற்கு என்பதை ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்ப நேர்ந்தவரின் வழக்கும் அதோடு முடிந்துவிடுவதில்லை: புகாரையும் பேச்சுவார்த்தையையும் வழக்கறிஞர் வழியாக மதுரையிலிருந்தே நடத்தலாம், சமரசக் கூட்டத்தில் வீடியோ மூலம் உட்காரலாம், நேரில் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இறுதி விசாரணை வரை போகும் வழக்குகளில்தான் எழுகிறது.